தாவர எண்ணெய்களிலும் சாறுகளிலும் புற்றுநோய் எதிர்ப்புத் திறனைச் சோதிப்பது எப்படி: செடி முதல் முடிவு வரை

கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வது கடினமான காரியம் அன்று. உப்பைக் கூட்டினாலும் அது சாகும். சோப்பு நீரைச் சேர்த்தாலும் சாகும். சாராயத்தை ஊற்றினாலும் சாகும். ஆகவே ஓர் இலைச்சாறு செல்களைக் கொன்றது என்ற செய்தியில் மட்டும் பெரிதாக எதுவும் இல்லை. எவ்வளவு குறைந்த அளவில் கொன்றது, நலமான செல்லை விட்டுவைத்ததா, கொன்றது உண்மையிலேயே சாற்றில் உள்ள பொருள்தானா அல்லது சோதனை முறையே நம்மை ஏமாற்றிவிட்டதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் அந்த முடிவுக்கு மதிப்பு உண்டாகிறது. இந்த வழிகாட்டி மூன்றாவது கேள்விக்கே அதிக இடம் தருகிறது. ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான்.

செடியிலிருந்து தொடங்குதல்

சோதனையின் முதல் பிழை பல நேரங்களில் ஆய்வகத்திற்கு வெளியே, செடியைப் பறிக்கும் இடத்திலேயே நேர்ந்துவிடுகிறது. ஒரே வழக்குப் பெயரில் இரண்டு மூன்று செடிகள் வழங்கும்; காய்ந்து தூளாக விற்கப்படும் சரக்கில் எது எதோடு கலந்தது என்று சொல்லவே முடியாது. எனவே பூவோடும் காயோடும் கூடிய ஒரு கிளையைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாவரவியல் வல்லுநர் ஒருவரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, அந்த மாதிரியைத் தாவர உலர்மாதிரியகம் ஒன்றில் எண்ணிட்டுச் சேர்த்துவிட வேண்டும். பறித்த நாள், இடம், செடியின் பருவம், எடுத்த பகுதி ஆகியவற்றையும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். பறிப்பதற்கான அனுமதியை முன்கூட்டியே பெற்றிருப்பதும் அவசியம். 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையின்படி, பிற நாட்டின் மரபுவளத்தை ஆய்வுக்கு எடுப்பதற்கு அந்நாட்டின் ஒப்புதல் தேவைப்படலாம்.

இனம் சரியாக இருந்தாலும் வேதியியல் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. துளசியில் யூஜினால் என்ற மணப்பொருள் மிகுந்த வகையும் உண்டு, மெத்தில் யூஜினால் மிகுந்த வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் துளசிதான், எண்ணெய்க்கோ வேறு வேறு குணம்.

எண்ணெய் வடித்தலும் சாறு எடுத்தலும்

நறுமண எண்ணெயை நீரோடு சேர்த்துக் காய்ச்சி வடிப்பதே வழக்கம். 1928இல் அறிமுகமான கிளெவெஞ்சர் கருவியில் மூன்று அல்லது நான்கு மணி நேரம் காய்ச்சினால், ஆவியோடு ஏறிய எண்ணெய் குளிர்ந்து, அளவிடப்பட்ட குழாயில் தனி அடுக்காக நிற்கும். பெரும்பாலான எண்ணெய்கள் நீரில் மிதக்கும்; கிராம்பு எண்ணெய் மூழ்கும், அதற்கென வேறு வடிவக் கருவி இருக்கிறது. பிரித்த எண்ணெயில் எஞ்சிய ஈரத்தை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டால் நீக்கி, பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் வாய்வரை நிரப்பி, 4 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பாதி காலியான புட்டியில் காற்றுப்பட்டு, நறுமண எண்ணெயின் முக்கியக் கூறுகளான டெர்பீன்கள் ஆக்சிஜனேற்றம் அடையும். ஆறு மாதம் கழித்து அதே புட்டியிலிருந்து எடுத்துச் சோதிப்பவர், உண்மையில் வேறொரு பொருளைச் சோதிக்கிறார்.

சாறு என்பது வேறு. உலர்ந்த தூளைக் கரைப்பானில் ஊறவைத்தோ சாக்ஸ்லெட் கருவியில் சுழலவிட்டோ எடுப்பது அது. ஹெக்சேன், எத்தில் அசிடேட், மெத்தனால் என முனைவுத்தன்மை (நீரோடு ஒத்துப்போகும் தன்மை) ஏறும் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் கொழுப்பும் மெழுகும் முதலிலும், பாலிஃபீனால்களும் கிளைகோசைடுகளும் பின்னாலும் வந்து சேரும். கரைப்பானைச் சுழல் ஆவியாக்கியில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் நீக்க வேண்டும். முற்றிலும் நீக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சாற்றில் தங்கிய மெத்தனாலே செல்லைக் கொன்றிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் அதற்கு விடை சொல்ல வழி இருக்காது. வெறும் கரைப்பானை மட்டும் அதே படிகளில் கொண்டுசென்று ஒரு போலிச் சாறு தயாரித்து வைப்பது நல்ல பழக்கம்.

எண்ணெயின் கூறுகளை ஆவியாக்கிப் பிரித்து, ஒவ்வொன்றின் நிறையையும் அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவி காட்டும். நிறைநிறமாலை நூலகம் தரும் பெயரை அப்படியே எழுதிவிடுவது பரவலான தவறு. ஒரே நிறையுள்ள மோனோடெர்பீன்களும் செஸ்குவிடெர்பீன்களும் ஏறக்குறைய ஒரே நிறமாலையைத் தருவதால், நேர்ச்சங்கிலி ஆல்கேன்களைக் கொண்டு கணக்கிட்ட தங்கல் குறியீடும் (கூறு கருவியில் எவ்வளவு நேரம் தங்கி வெளிவருகிறது என்பதன் அளவு) ஒத்துவந்தால்தான் பெயரை உறுதிசெய்யலாம்.

கரைசலும் செறிவும்

எண்ணெயும் பெரும்பாலான சாறுகளும் நீரில் கரையாதவை; செல்கள் வளரும் திரவமான வளர்ப்பூடகமோ பெரும்பகுதி நீர். இடையில் நிற்பது டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு); எண்ணெயையும் சாற்றையும் கரைத்து நீரோடும் கலக்கும் கரைப்பான் அது. அதன் இறுதி அளவு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 0.1 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது மேலும் பாதுகாப்பானது. சோதனைத் தட்டின் எல்லாக் குழிகளிலும் அந்த அளவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற மூலக்கரைசலை டிஎம்எஸ்ஓவிலேயே பாதி பாதியாக ஏழு முறை நீர்த்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றையும் ஊடகத்தில் ஆயிரம் மடங்கு நீர்த்தால், 200 மைக்ரோகிராமில் தொடங்கி 100, 50, 25 என 1.56 மைக்ரோகிராம் வரை எட்டுச் செறிவுகள் கிடைக்கும். டிஎம்எஸ்ஓ எல்லாவற்றிலும் 0.1 சதவீதம். மாறாக ஊடகத்திலேயே நீர்த்துக்கொண்டு போனால், மேல் செறிவில் டிஎம்எஸ்ஓ கூடுதலாகவும் கீழ் செறிவில் குறைவாகவும் இருக்கும். கிடைக்கும் வளைகோடு எதனுடையது என்றே தெரியாது.

எண்ணெயை மைக்ரோலிட்டர் கணக்கில் எழுதிவிட்டு மற்றவர்களின் மைக்ரோகிராம் முடிவுகளோடு ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கிறது. லிமோனீன் மிகுந்த எண்ணெயில் ஒரு மைக்ரோலிட்டர் சுமார் 0.84 மில்லிகிராம், கிராம்பு எண்ணெயில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். அடர்த்தியை அளந்து நிறையாக மாற்றிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

நீர்த்த கரைசலை ஊடகத்தில் விட்டவுடன் நுண்ணோக்கியில் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். மேற்பரப்பில் வானவில் நிறத்தில் மெல்லிய படலம் மிதந்தால் எண்ணெய் கரையவில்லை. அடியில் ஊசி ஊசியாகவோ பழுப்பு மணலாகவோ எதாவது படிந்திருந்தால் சாறு வீழ்படிவாகிவிட்டது. அந்தச் செறிவைத் தட்டில் எழுதிய எண்ணாக நம்ப முடியாது. அதை விலக்கிவிட வேண்டும்.

செல் வரிசையின் நம்பகம்

ஒரே மூலத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களையே செல் வரிசை என்கிறோம். எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய்க்கும், ஏ549 நுரையீரலுக்கும், ஹெப்ஜி2 கல்லீரலுக்கும், ஹெச்சிடி-116 பெருங்குடலுக்கும், ஹீலா கருப்பைக் கழுத்துக்கும் எனப் பழக்கமான பட்டியல் ஒன்று உண்டு. 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்கள், அசாதாரண வேகத்தில் பெருகும் தன்மையால் உலகெங்கும் பிற செல் வளர்ப்புகளுக்குள் புகுந்து அவற்றை அழித்துத் தாமே இடம்பிடித்தன. இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. 'சாங் லிவர்' என்ற பெயரில் நலமான கல்லீரல் செல்லாகப் பலரும் பயன்படுத்திவந்தது ஹீலாவின் வழித்தோன்றல் என்று தெரியவந்துவிட்டது. டபிள்யூஆர்எல்-68 என்பதற்கும் அதே கதி. இவற்றை நலமான செல்லாக வைத்து, 'எங்கள் சாறு புற்றுநோய்ச் செல்லை மட்டுமே தாக்குகிறது' என்று எழுதினால், ஒரு புற்றுநோய்ச் செல்லை மற்றொரு புற்றுநோய்ச் செல்லோடு ஒப்பிட்டதாகத்தான் பொருள். மார்பகப் புற்றுநோயாக நெடுங்காலம் கருதப்பட்ட எம்டிஏ-எம்பி-435, மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் வரிசையோடு ஒத்துப்போனதும் இதே வகைக் கதை.

ஆகவே அங்கீகரிக்கப்பட்ட செல் வங்கியிலிருந்து வாங்குதல், எஸ்டிஆர் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் குறுந்தொடர்கள்) மரபுச்சோதனையால் அடையாளத்தை உறுதிசெய்தல், எத்தனையாவது மறுவளர்ப்பு (செல்களைப் புதிய கலத்துக்கு மாற்றி வளர்த்தல்) என்று குறித்துவைத்தல் ஆகிய மூன்றையும் தவிர்க்கக் கூடாது. மைக்கோபிளாஸ்மா சோதனையும் மாதந்தோறும் வேண்டும். அந்த நுண்ணுயிர் 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும்; ஊடகத்தைக் கலங்கச் செய்யாது; ஆனால் செல்லின் வளர்சிதைமாற்றத்தையே மாற்றிவிடும்.

நலமான செல்லாக எம்ஆர்சி-5 போன்ற இயல்பான நார்முன்செல்களையோ (இணைப்புத்திசுச் செல்கள்), சோதிக்கும் உறுப்பிலிருந்தே வந்த புற்றற்ற செல்களையோ எடுக்கலாம். வீரோ குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. ஹெச்இகே293 வைரஸ் மரபணுவால் மாற்றப்பட்டது. கையில் இருக்கிறது என்பதற்காக இவற்றை எடுப்பவர்கள் அந்த எல்லையையும் எழுதிவிட வேண்டும்.

தட்டை அமைத்தல்

96 குழித் தட்டில் குழிக்கு 5,000 முதல் 10,000 செல்கள் வரை இட்டு, ஒரு நாள் ஒட்டவிட்டு, பிறகு சாற்றைச் சேர்த்து 48 அல்லது 72 மணி நேரம் வைப்பது பொதுவான முறை. எவ்வளவு செல் இடுவது என்பதை அந்தந்தச் செல்லின் வேகம் தீர்மானிக்கும். சோதனை முடியும்போது கட்டுப்பாட்டுக் குழி நிரம்பி வழியாமல் இருக்க வேண்டும். ஓரக் குழிகளில் நீர் ஆவியாவதால் அவற்றில் வெறும் ஊடகத்தை நிரப்பி விட்டுவிடுவது நல்லது. கட்டுப்பாடுகள் நான்கு: எதுவும் சேர்க்காத செல்கள், டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த செல்கள், தெரிந்த மருந்து சேர்த்த செல்கள், செல்லே இல்லாத வெற்றுக்குழி.

தெரிந்த புற்றுநோய் மருந்தாக டாக்சோரூபிசின் வசதியானது. சிஸ்பிளாட்டினை எடுப்பவர்கள் அதை டிஎம்எஸ்ஓவில் கரைக்கவே கூடாது. டிஎம்எஸ்ஓவின் கந்தகம் பிளாட்டினத்தோடு பிணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். உப்புக்கரைசலில் கரைக்க வேண்டும். செயலிழந்த சிஸ்பிளாட்டினோடு ஒப்பிட்டுத் தங்கள் சாறு அதைவிட வலியது என்று மகிழ்ந்துபோனவர்கள் இருக்கக்கூடும்.

நறுமண எண்ணெய்க்கு இன்னொரு தொல்லை உண்டு. அது ஆவியாகி, மூடியின் அடியில் பரவி, பக்கத்துக் குழியில் இறங்கும். 200 மைக்ரோகிராம் குழிக்கு அடுத்து டிஎம்எஸ்ஓ குழி இருந்தால் அதிலும் செல்கள் வாடும்; கட்டுப்பாடு தாழ்ந்துவிடுவதால் எண்ணெயின் வலிமை குறைந்து தெரியும். எண்ணெய்க்குழிக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாடும், தனித் தட்டில் ஒரு கட்டுப்பாடும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் கசிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதிகச் செறிவில் லிமோனீன் போன்றவை பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அரிக்கும்; மூலக்கரைசல்களைக் கண்ணாடியில் வைப்பது அதனால்தான்.

எம்டிடியும் அதன் பொறிகளும்

1983இல் மோஸ்மன் வெளியிட்ட எம்டிடி முறையே இன்றளவும் அதிகம் பயன்படுகிறது. மஞ்சள் நிறச் சாயத்தை மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில் சேர்த்து மூன்று, நான்கு மணி நேரம் வைத்தால், உயிருள்ள செல்லின் நொதிகள் அதை ஊதா நிற ஃபார்மசான் ஊசிகளாக மாற்றும். ஊடகத்தை நீக்கி, ஊசிகளை டிஎம்எஸ்ஓவில் கரைத்து, 570 நானோமீட்டரில் நிறத்தை அளக்க வேண்டும். நிறம் எவ்வளவோ அவ்வளவு உயிர் என்பது இதன் அடிப்படை.

அந்த அடிப்படை தாவரச் சாற்றில் எளிதில் உடைந்துவிடுகிறது. பாலிஃபீனால்கள், அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஒடுக்கும் பொருள்கள் செல்லின் உதவியே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். மெத்தனால் பட்டைச்சாறு ஒன்றைச் செல் இல்லாத குழியில் இட்டு எம்டிடி சேர்த்துப் பாருங்கள்: மஞ்சள் முதலில் அழுக்குப் பழுப்பாகிறது, பிறகு குழியின் விளிம்பிலிருந்து ஊதா படர்கிறது. செல்லே இல்லாத இடத்தில் 'உயிர்' தெரிகிறது. அப்படிப்பட்ட சாறு செல்களைக் கொன்றிருந்தாலும் கருவி அவை உயிரோடு இருப்பதாகவே சொல்லும்.

ஓர் உதாரணக் கணக்கு: டிஎம்எஸ்ஓ கட்டுப்பாட்டின் அளவீடு 0.92, வெற்று ஊடகம் 0.07, சாறு சேர்த்த செல்கள் 0.51, அதே சாறு செல் இல்லாமல் 0.21. வெற்று ஊடகத்தை மட்டும் கழித்தால் 0.44ஐ 0.85ஆல் வகுத்து 52 சதவீத உயிர் என்று வரும். சாற்றின் சொந்த நிறத்தைக் கழித்தால் 0.30ஐ 0.85ஆல் வகுத்து 35 சதவீதம். ஒரே தட்டு, இரண்டு முடிவுகள். ஒவ்வொரு செறிவுக்கும் செல் இல்லாத சாற்றுக்குழி வைக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகவே. சாயம் சேர்ப்பதற்கு முன் சாற்றை அகற்றிச் செல்களைக் கழுவிவிடுவதும் உதவும், ஆனால் தளர்ந்து மிதக்கும் செல்களும் அதோடு போய்விடும்.

இதே காரணத்தால், முதல் முடிவை வேறு கோட்பாட்டில் இயங்கும் இரண்டாவது முறையால் உறுதிசெய்ய வேண்டும். 1990இல் வெளியான எஸ்ஆர்பி முறை, அதே பெயருடைய சாயத்தைக் கொண்டு செல்லின் மொத்தப் புரதத்தை அளப்பது. ஒடுக்கும் பொருள்கள் அதைக் குழப்புவதில்லை. டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தால் செல்களைத் தட்டோடு நிலைப்படுத்தி, ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.4 சதவீதச் சாயத்தால் நிறமேற்றி, கழுவி, டிரிஸ் கரைசலில் கரைத்து அளக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 60 செல் வரிசைச் சோதனையில் நெடுங்காலம் இதுவே பயன்பட்டது.

மற்ற பொறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டேனின்கள் புரதங்களை வீழ்படிவாக்கி எதையும் தடுப்பதுபோல் தோற்றமளிக்கும். சப்போனின்கள் செல்சவ்வைத் துளைக்கும். சிவப்பணுக்களை அவை சிதைக்கின்றனவா என்று பார்த்தால் இது வெளிப்படும். கேட்டகால் வகைப் பாலிஃபீனால்கள் வளர்ப்பூடகத்திலேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லைக் கொல்வது அந்தப் பெராக்சைடாக இருக்கும். கேட்டலேஸ் நொதியைச் சேர்த்ததும் சாற்றின் வலிமை மறைந்துவிட்டால், கண்டது ஊடகத்தின் வேதியியல், செடியின் மருத்துவம் அன்று.

எண்களைப் படித்தல்

செல்களில் பாதியைத் தடுக்கும் செறிவே ஐசி50. மடக்கை அளவில் செறிவை இட்டு, நான்கு அளவுருக்கள் கொண்ட வளைகோட்டைப் பொருத்தி அதைக் கணக்கிட வேண்டும். சோதித்த உச்சச் செறிவிலும் பாதியை எட்டவில்லை என்றால் '200க்கு மேல்' என்று எழுத வேண்டுமே தவிர, கோட்டை நீட்டி 340 என்று ஓர் எண்ணை வரவழைக்கக் கூடாது. ஒரே தட்டின் மூன்று குழிகள் மூன்று சோதனைகள் ஆகமாட்டா. வெவ்வேறு நாளில், வெவ்வேறு மறுவளர்ப்பில், புதிதாக நீர்த்த கரைசலில் செய்த மூன்றுதான் மூன்று.

கச்சாச் சாறு ஒன்று மேற்கொண்டு ஆராயத் தக்கதா என்பதற்கு, மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகப் பின்பற்றும் வரம்பு. தூய சேர்மத்திற்கு 4 மைக்ரோகிராம். இந்த வரம்பு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 100 மைக்ரோகிராம் என்றால் லிட்டருக்கு 100 மில்லிகிராம். ஐந்து லிட்டர் இரத்தம் உள்ள உடலில் 500 மில்லிகிராம் சாறு, கல்லீரலும் சிறுநீரகமும் தொடாமல், திசுக்களில் பரவாமல், நாள்கணக்கில் இரத்தத்திலேயே நிற்க வேண்டும். உண்ணும் எதுவும் அப்படி நிற்பதில்லை.

நலமான செல்லின் ஐசி50ஐப் புற்றுநோய்ச் செல்லின் ஐசி50ஆல் வகுத்தால் தெரிவுக் குறியீடு கிடைக்கும். மூன்றுக்கு மேல் இருந்தால் கவனிக்கலாம் என்பது பலர் வைக்கும் அளவு. என் கருத்தில், நலமான செல் மெதுவாகப் பெருகுவதாலேயே இந்த எண் பல நேரங்களில் உயர்ந்து தெரிகிறது. இரண்டின் பெருகும் வேகத்தையும் சேர்த்துச் சொல்லாத தெரிவுக் குறியீட்டை நான் பாதிதான் நம்புவேன்.

செல் எப்படிச் செத்தது

ஒழுங்கான தற்கொலையா, வெடித்துச் சிதறிய சாவா என்பதை அனெக்சின் வி, புரோபிடியம் அயோடைடு இரட்டைச் சாயத்தால் பார்க்கலாம். சாகத் தொடங்கும் செல், உட்புறம் இருக்க வேண்டிய ஃபாஸ்ஃபாடிடில்செரீனை வெளிப்புறம் காட்டும். அனெக்சின் அதில் ஒட்டும்; புரோபிடியம் அயோடைடு, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டுமே நுழையும். நேரமே இங்கு முக்கியம். 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் முடிந்து இரண்டு சாயங்களும் ஏறியிருக்கும், வழி தெரியாது; 6, 12, 24 மணி நேரங்களில் பார்க்க வேண்டும். அந்தத் தற்கொலையை நடத்தும் கேஸ்பேஸ்-3 நொதியின் செயல்பாடும், அது வெட்டும் பிஏஆர்பி புரதத்தின் துண்டுகளும் சேர்ந்து காட்டினால்தான் அப்போப்டோசிஸ், அதாவது ஒழுங்கான தற்கொலை, என்று எழுதலாம். நிறமுள்ள சாறுகள் தாமாகவே ஒளிரும் என்பதால், சாயமேற்றாத, சாறு மட்டும் பட்ட செல்களையும் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எந்தப் பொருள் கொன்றது

சாற்றைப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் சோதித்து, வலிய பிரிவை மீண்டும் பிரித்துப் போகும் முறையே தாவரங்களிலிருந்து உண்மையான மருந்துகளைத் தந்திருக்கிறது. நித்திய கல்யாணியை நீரிழிவுக்காக ஆராய்ந்தவர்கள், அதன் சாறு விலங்குகளின் வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கவனித்து 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே செடியின் வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962இல் சேகரிக்கப்பட்டது. பாக்லிடாக்சலின் கட்டமைப்பு 1971இல் வெளியானது. அது செல்லின் நுண்குழல்களை இறுகவைக்கிறது என்று 1979இல் தெரிந்தது. மருந்தாக ஏற்கப்பட்டது 1992இல். முப்பது ஆண்டுகள். பிரிக்கப் பிரிக்க வலிமை கூடினால் சரியான பாதையில் செல்கிறோம். எல்லாப் பிரிவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் டேனின் போன்ற பொதுக்காரணத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெயில் பிரிப்பது எளிது, முதன்மைக் கூறுகள் பெரும்பாலும் விலைக்கே கிடைக்கும். அவற்றைத் தனித்தனியாகவும், எண்ணெயில் உள்ள விகிதத்தில் கலந்தும் சோதித்து, முழு எண்ணெயோடு ஒப்பிடலாம்.

விலங்குக்குப் போகுமுன்

தட்டில் கிடைத்த முடிவை முப்பரிமாணச் செல் உருண்டைகளில் முதலில் பார்ப்பது நல்லது. அவற்றின் மையத்துக்கு மருந்து எளிதில் போவதில்லை. அதையும் தாண்டினால்தான் எலியில் சோதிக்க வேண்டும், அதுவும் நெறிமுறைக் குழுவின் எழுத்து ஒப்புதலுக்குப் பிறகு. 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மாற்று, குறைப்பு, மேம்பாடு (விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல்) என்ற மூன்று நெறிகள் இங்கே அடிப்படை. நச்சளவை முதலில் அறிந்து, கட்டியின் கன அளவை நீளத்தோடு அகலத்தின் வர்க்கத்தைப் பெருக்கி இரண்டால் வகுத்துக் கணக்கிட்டு, கட்டி எந்த அளவை எட்டினால் விலங்கின் துன்பத்தை முடிப்பது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

முடிவை எழுதுதல்

தட்டில் மட்டும் பார்த்ததைப் 'புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்று எழுதுவதற்கு இடமே இல்லை. 'இன்ன செல் வரிசையில், இத்தனை மணி நேரத்தில், இன்ன செறிவில் செல்நச்சுத்தன்மை காட்டியது' என்பதே சரியான வாக்கியம். தலைப்பை மட்டும் வாசித்துச் சிகிச்சையை நிறுத்திவிட்டு எண்ணெய்ப் புட்டியைத் தேடும் நோயாளியும் நம் வாசகர்களில் ஒருவர் என்பதை மறக்கலாகாது. உலர்மாதிரியின் எண், கரைப்பான், விளைச்சல் சதவீதம், எண்ணெயின் கூறுகள், டிஎம்எஸ்ஓ அளவு, மறுவளர்ப்பு எண், எஸ்டிஆர் சோதித்த நாள், செல் இல்லாத சாற்றுக்குழியின் அளவீடு, பலனளிக்காத செல் வரிசைகள் ஆகிய அனைத்தும் கட்டுரையில் இருக்க வேண்டும். சோதித்த அதே தொகுதிச் சாற்றில் கொஞ்சத்தைத் தேதியிட்ட புட்டியில் உறைநிலையில் ஒதுக்கிவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் தமக்கு அந்த எண் வரவில்லை என்று எழுதும்போது, முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தப் புட்டியைத்தான்.